ஏறாத விமானம்

இரவு ஒன்பது மணிக்கு மேல் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் நின்று பார்த்தவர்களுக்கு எங்கள் ஊர்க்காரர்களின் கஷ்டம் தெரியும். பெங்களூரிலிருந்து சேலத்துக்குப் போகிற பஸ் வந்து நிற்கும். கண்டக்டர் படிக்கட்டிலே நின்றபடி, "தர்மபுரி, சேலம் மட்டும் ஏறுங்க! காவேரிப்பட்டணம், காரிமங்கலம் எல்லாம் ஏறாதீங்க!" என்று முழங்குவார். பையும் குடையுமாக நிற்கிற காரிமங்கலத்துக்காரன் என்ன செய்வான்? அவர் காலடியில் போய் நின்றுகொண்டு, "அண்ணே, பைபாஸிலே இறக்கிவிட்டாப் போதும்ணே. நடந்து போய்க்கிறேன்" என்பான். கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்ப்பார். "தர்மபுரி டிக்கெட் எடுக்கறதா இருந்தா ஏறு" என்பார்.

ஏறத்தான் ஏறுவான். நானும் அப்படித்தான் ஏறியிருக்கிறேன். காரிமங்கலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவிலே 20 கிலோமீட்டர் சொச்சம். நான் போகாத அந்த தூரத்துக்கு இத்தனை வருஷங்களாகக் கட்டிய காசைச் சேர்த்து வைத்திருந்தால், எங்கள் ஊர்ச் சந்தையில் நல்ல கறவைப் பசுவாக ஒன்று பிடித்துக் கட்டியிருக்கலாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நள்ளிரவில் பைபாஸில் இறங்குகிறபோது, எந்தக் கண்டக்டரும் என் தோளைப் பற்றி, "தர்மபுரி வரைக்கும் டிக்கெட் வாங்கிவிட்டு இங்கே இறங்குகிறாயே, நீ மோசக்காரன்" என்று சொன்னதில்லை. "நாளைக்கு நீ திரும்பி வருவதற்கு வாங்கி வைத்திருக்கிற டிக்கெட்டும் இனிச் செல்லாது" என்று சொன்னதில்லை. "பார்த்து இறங்குங்க சார்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். விசிலை ஊதிவிட்டுப் போய்விடுவார்கள்.

பஸ் கண்டக்டருக்கு இருக்கிற இந்த நியாய உணர்ச்சி ஆகாய விமானக் கம்பெனிகளுக்கு ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கேள்வியை என் அக்கா கேட்டாள். நான் எழுதுகிறேன். அவ்வளவுதான்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தைந்து. அத்திம்பேர் காலமான பிறகு காரிமங்கலத்தில் எங்கள் பழைய வீட்டிலேதான் இருக்கிறாள். ஒரே பெண். கல்யாணமாகிக் கணவனோடு லண்டனில் இருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். தாய் போகாமல் யார் போவார்கள்? மாப்பிள்ளை நல்ல பையன். சிக்கனமானவன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினான். பெங்களூரிலிருந்து லண்டனுக்கு நேராகப் போகிற விமானத்தில் போக வர ஒரு விலை காட்டியது. அதே நாள், அதே விமானம், அதே இருக்கை. ஆனால் சென்னையில் ஏறி, பெங்களூருக்கு வந்து, அங்கே மாறி லண்டன் போவதாக டிக்கெட் வாங்கினால் ரூ.19,000 குறைவு! அதிக தூரத்துக்குக் குறைந்த கட்டணம். அவன் அதை வாங்கிவிட்டான்.

காரிமங்கலம் எங்கே இருக்கிறது என்று பூகோளம் தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து தேவனஹள்ளியில் இருக்கிற பெங்களூர் விமான நிலையத்துக்குச் சுமார் 150 கிலோமீட்டர். சென்னை விமான நிலையத்துக்கோ சுமார் 280 கிலோமீட்டர். மூட்டு வலிக்காரி ஒருத்தி கிழக்கே 280 கிலோமீட்டர் போய், விமானம் ஏறி, வந்த திசையிலேயே திரும்பிப் பறந்து பெங்களூரில் இறங்கி, அங்கே ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். "எதுக்கு அத்தை இந்த அவஸ்தை? சென்னைக்குப் போக வேண்டாம். நேரா பெங்களூர் வந்து லண்டன் விமானத்திலே ஏறிக்குங்க. காசு முழுசாக் கட்டியாச்சே" என்றான் மாப்பிள்ளை. அவன் எஞ்சினீயர். நான் இன்டர்மீடியட். என் புத்திக்கும் அது சரியென்றே பட்டது. கொஞ்சம் லாபமும் கண்ணில் பட்டது என்பதை மறைக்கவில்லை.

நான்தான் அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். முருங்கைக் கீரைப் பொடி, பிரசவ லேகியம், பழைய பருத்திப் புடவையில் கிழித்த துணிகள் என்று பெட்டி நிறைய மருத்துவச்சியின் சாமான். கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகத்தான் பேசினாள். கம்ப்யூட்டரைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். முகம் மாறியது.

"காலையிலே சென்னையில் நீங்க ஏறலையா அம்மா?"

"இல்லேம்மா. எங்க ஊரு இங்கேருந்துதான் கிட்டே."

"அதை ஏறாததாலே மிச்ச டிக்கெட் எல்லாமே ரத்தாயிடுச்சு. லண்டன் போறதும் இல்லே. திரும்பி வர்றதும் இல்லே."

அக்காவுக்குப் புரியவில்லை. "ஆள் வரலேன்னா ரத்தாகும். நான்தான் வந்து நிக்கிறேனேம்மா?" என்றாள்.

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. அவளால் என்ன சொல்ல முடியும்? மேலதிகாரி வந்தார். "விதி" என்றார். "குறைந்த விலைக்குத்தானே வாங்கினோம், வித்தியாசம் என்னவோ அதைக் கட்டிவிடுகிறோம். ரூ.19,000 தானே? இப்போதே தருகிறேன்" என்றேன். "அதற்கு வழியில்லை சார். புது டிக்கெட் வாங்குங்க" என்றார். அந்த நேரத்தில் புது டிக்கெட் ஒருவழிக்கு மட்டும் ரூ.92,000. எங்களிடம் இல்லை. அக்கா பெட்டியோடு ஊருக்குத் திரும்பினாள். நான்காம் நாள் பேரன் பிறந்தான். அக்கா அவனைப் பார்த்தபோது அவனுக்குப் பதினேழு நாள்.

யாரும் சாகவில்லை. குழந்தையும் தாயும் சௌக்கியம். ஆகவே இது ஒரு பெரிய துயரம் அல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாலு நாளும் அதற்குப் பின் வந்த நாட்களிலும் என் அக்கா இரவில் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கம்பெனி தன் கணக்கில் அதற்கு என்ன தலைப்புக் கொடுத்திருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

என் கோபம் கம்பெனியோடு மட்டும் இருந்திருந்தால் ஒரு கடிதம் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். கட்டுரை எழுத வைத்தவர்கள் என் நண்பர்கள். விஷயத்தைக் கேட்ட படித்தவர்கள், ஒரு பாங்க் அதிகாரி, ஒரு கல்லூரி ஆசிரியர், ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார், எல்லாரும் ஒரே குரலில், "ரூல் அப்படித்தான் சார். படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?" என்றார்கள். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் போக்குவரத்துக் கழகத்தின் பரம்பரையையே இழுக்கிற இந்தப் புண்ணியவான்கள், விமானக் கம்பெனி என்றதும் கைகட்டி நிற்கிறார்கள். குளிர் சாதனம் போட்ட இடத்தில் நடக்கிற அநியாயம் நம்மவர்களுக்கு அநியாயமாகவே தெரிவதில்லை!

சரி, ரூல் என்ன என்று நானும் படித்தேன். ஒரு பிரயாணத்துக்கு வாங்கிய டிக்கெட்டில் இரண்டு மூன்று விமானங்கள் இருந்தால், அவற்றை எழுதியிருக்கிற வரிசைப்படியே உபயோகிக்க வேண்டும். ஒன்றை விட்டால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் செல்லாது. காகித டிக்கெட் இருந்த காலத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தாள் என்று கூப்பன்களைத் தைத்துக் கொடுப்பார்கள். ஒரு தாளைக் கிழித்து எறிந்துவிட்டால் கையிலே அடுத்த தாள் இருக்கும். வாதாடிப் பார்க்கலாம். 2008 ஜூன் மாதத்தோடு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் தன் ஏற்பாட்டில் காகித டிக்கெட்டையே ஒழித்துவிட்டது. இப்போது கூப்பன் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. நீங்கள் சென்னையில் ஏறாத அந்த நிமிஷமே, நீங்கள் கிருஷ்ணகிரியில் காபி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, லண்டன் வரைக்கும் எல்லாவற்றையும் அது கிழித்துப் போட்டுவிடும். உங்களுக்குச் சத்தம் கூடக் கேட்காது.

இதை எங்கள் ஊர் ஓட்டலுக்குக் கொண்டு வந்து பாருங்கள். முழுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கி இலை போட்டாயிற்று. சாம்பார் கொண்டு வருகிறார்கள். "வயிறு சரியில்லை, சாம்பார் வேண்டாம், ரசம் விடுங்கள்" என்கிறீர்கள். முதலாளி எழுந்து வந்து, "சாம்பாரை விட்டவருக்கு ரசம் கிடையாது, மோர் கிடையாது, இலையை எடுங்கள். ரசம் வேண்டுமானால் இன்னொரு சாப்பாட்டுக்குப் பணம் கட்டுங்கள். அதன் விலை இப்போது இரண்டு மடங்கு" என்கிறார். அந்த ஓட்டலை எங்கள் ஊரில் மறுநாள் திறக்க விடுவார்களா?

இனி, எதிர்க்கட்சியின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். அவர்களிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது.

முதலாவது, விலை. அதிக தூரத்துக்கு ஏன் குறைந்த விலை? இதிலே மர்மம் ஒன்றும் இல்லை. விமானக் கம்பெனி தூரத்தை விற்பதில்லை. இரண்டு ஊர்களின் ஜோடியை விற்கிறது. பெங்களூரிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் என்றால், அவசரக்காரரும் கம்பெனிச் செலவில் போகிறவரும் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஏறுகிறார்கள். சென்னைக்காரருக்கு அப்படியல்ல. துபாய் வழி இருக்கிறது, தோஹா வழி இருக்கிறது. அவரைத் தன் பக்கம் இழுக்க வேண்டுமானால், பெங்களூரில் இறங்கி மாறுகிற சிரமத்துக்கு ஈடாக விலையைக் குறைத்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணத்தின் மேல் இருந்த அரசாங்கத்தின் பிடியை எடுத்தபின் இந்த வித்தை பெரிய சாஸ்திரமாக வளர்ந்தது. நம் நாட்டிலும் 1953-ஆம் வருஷத்து விமானக் கார்ப்பொரேஷன் சட்டத்தை 1994-ல் ரத்துச் செய்து, தனியாருக்கு வழி திறந்த பிறகு நாளொரு விலை, மணிக்கொரு விலை என்று ஆயிற்று.

இதை நான் குற்றம் சொல்லவில்லை. சந்தையில் காலையில் ஒரு விலைக்கு விற்கிற தக்காளி சாயங்காலம் பாதி விலைக்குப் போகிறது. விலை வைப்பது வியாபாரியின் உரிமை. வாங்கினதைத் தின்பதா, பாதியைத் தின்றுவிட்டு மீதியை மாட்டுக்குப் போடுவதா என்பது வாங்கினவன் உரிமை. முதல் உரிமையைக் கொண்டாடுகிறவர்கள் இரண்டாவது உரிமையைத் திருட்டு என்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாவது, ஒப்பந்தம். "சென்னையில் ஏறுவதாக ஒப்புக்கொண்டுதானே வாங்கினீர்கள்? வாக்கு வாக்குத்தானே?" என்கிறார்கள். நல்லது. வாக்கு என்றால் இரண்டு பக்கமும் வாக்காக இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிற இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்பது உலகம் முழுவதும் விமானக் கம்பெனிகளின் வழக்கம். சில பேர் எப்படியும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டே விற்கிறார்கள். எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டால் யாரையாவது நிறுத்தி வைக்கிறார்கள். அதற்கு நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு தொகை விதித்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் புறப்படுகிற வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் ஒன்றுமே தர வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் ஏற்றினால் அதிகபட்சம் ரூ.10,000. அதற்கும் மேலே போனால் அதிகபட்சம் ரூ.20,000. கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

அதாவது, கம்பெனி வாக்குத் தவறினால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலைக்கு ஓர் உச்ச வரம்பும் உண்டு. பிரயாணி வாக்குத் தவறினால் விலை இல்லை, வரம்பு இல்லை. முழுப் பறிமுதல்! நாம் வரமாட்டோம் என்று எண்ணி லாபம் பார்க்கிறவர்களே, வராததற்காக நம்மைத் தண்டிக்கவும் செய்கிறார்கள். இதை ஒப்பந்தம் என்று சொல்லுகிற பாங்க் அதிகாரியிடம் நான் கடன் வாங்கப் போவதில்லை.

மூன்றாவது வாதத்துக்கு நான் தலை வணங்குகிறேன். அது பாதுகாப்பு. 1985-ஆம் வருஷம் ஜூன் 23-ஆம் தேதி ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியது. 329 பேர் மாண்டார்கள். வெடிகுண்டு ஒரு பெட்டியில் இருந்தது. வான்கூவரில் அந்தப் பெட்டியை ஒப்படைத்தவன் விமானத்தில் ஏறவே இல்லை. பெட்டி மட்டும் டொராண்டோ வந்து, விமானம் மாறி ஏறியது. ஆள் ஏறாமல் சாமான் ஏறுவது எவ்வளவு பயங்கரமானது என்று உலகத்துக்குக் கற்பித்த சம்பவங்களில் அது தலையாயது. ஆகையால், பெட்டியை விமானத்தில் போட்டுவிட்டு நடுவழியில் நழுவுகிற பிரயாணியைக் கம்பெனி சந்தேகப்படட்டும், பெட்டியைத் தேடி இறக்கட்டும், அந்தத் தாமதத்துக்கு அவனிடம் பணமும் வாங்கட்டும். நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் என் அக்கா சென்னையில் பெட்டியும் போடவில்லை, காலும் வைக்கவில்லை. அவள் பெட்டியில் இருந்தது லேகியம். அதுவும் அவள் கையோடேயே இருந்தது. ஒரு நல்ல காரணத்தைப் போர்வையாக்கிக்கொண்டு ஒரு மோசமான விதி உள்ளே படுத்திருக்கிறது என்றுதான் சொல்லுகிறேன்.

நான்காவது வாதம் கொஞ்சம் கனமானது. "எல்லாரும் உங்கள் அக்காவைப் போலச் செய்ய ஆரம்பித்தால், சென்னைக்காரருக்குக் கொடுக்கிற சலுகை விலையையே கம்பெனி எடுத்துவிடும். உண்மையாகவே சென்னையிலிருந்து போகிற ஏழை மாணவன் அல்லவா நஷ்டப்படுவான்?" இதற்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்வது அழகல்ல.

இப்படிச் சலுகை விலையைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டமும் உலகத்தில் இருக்கிறது. அவர்கள் விடுவது முதல் விமானத்தை அல்ல, கடைசி விமானத்தை. போக வேண்டிய ஊர் நடுவில் வருகிற மாதிரி தூரத்து ஊருக்கு டிக்கெட் வாங்குவார்கள். கைப்பையோடு நடுவிலே இறங்கிப் போய்விடுவார்கள். பின்னால் ரத்தாவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அமெரிக்காவில் 'ஸ்கிப்லாக்ட்' என்று இதற்கென்றே ஓர் இணையத் தளம் 2013-ல் தோன்றியது. 2014-ல் யுனைடெட் விமான நிறுவனம் அதன் மேல் வழக்குப் போட்டது. தன் அதிகார எல்லைக்குள் வராத வழக்கு என்று சிகாகோ நீதிமன்றம் 2015-ல் தள்ளிவிட்டது. 2023-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டெக்ஸாஸில் வழக்குப் போட்டது. 2024 அக்டோபரில் ஜூரிகள் 94 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் அந்தத் தொகை, விமானக் கம்பெனியின் சின்னத்தை உபயோகித்த பதிப்புரிமை மீறலுக்காக. பாதி வழியில் இறங்குவது திருட்டு என்பதற்காக அல்ல.

அந்தக் கடைசி விமானக்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. இறங்கப் போவதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் வாங்குவது சாமர்த்தியம்தான். தர்மம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாமர்த்தியத்தை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? வெளிப்படையாகச் சொல்லிவிட்டு இறங்க ஒரு வாசல் இருந்தால் எவன் சுவர் ஏறிக் குதிப்பான்?

ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 2016-ல் ஒரு பிரயாணி ஆஸ்லோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக அமெரிக்காவில் சியாட்டில் போய்த் திரும்பி வர லுஃப்தான்ஸாவில் டிக்கெட் வாங்கினார். திரும்புகிறபோது ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, ஆஸ்லோ போகாமல், தனி டிக்கெட்டில் பெர்லினுக்குப் போய்விட்டார். லுஃப்தான்ஸா அவரிடம் 2,112 யூரோ கேட்டு வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வித்தியாசத் தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது பிரயாணிக்குப் புரியும்படி இல்லை என்பதே முக்கியமான காரணம். அதே 2018-ல், நவம்பர் மாதம், ஸ்பெயின் தேசத்துச் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. முதல் விமானத்தில் ஏறாதவரின் திரும்பும் பயணத்தை ரத்துச் செய்கிற ஐபீரியா நிறுவனத்தின் ஷரத்தே முறையற்றது என்று தீர்ப்புச் சொல்லியது. பணத்தை முழுமையாக வாங்கிக்கொண்டு, கொடுக்க வேண்டியதில் பாதியை மறுப்பதை அந்தக் கோர்ட் ஒப்பந்தம் என்று ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்புக்குப் பின் ஸ்பெயின் தேசத்தில் ஆகாயம் இடிந்து விழவில்லை. விமானங்கள் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நாம் வாய்க்கு வந்தபடி திட்டுகிற நம் ரயில்வேயைப் பாருங்கள். அங்கேயும் தூரம் ஏற ஏறக் கிலோமீட்டருக்கு விலை குறைகிறது. துண்டு துண்டாக வாங்குவதைவிட முழுசாக வாங்கினால் லாபம். ஆனால் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு டிக்கெட் வாங்கியவர், முதல் 500 கிலோமீட்டரைக் கடந்த பிறகு நடுவில் ஓர் ஊரில் இறங்கித் தங்கி, பயணத்தைத் தொடர விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். சென்னையில் ஏறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, "நான் ஜோலார்பேட்டையில் ஏறிக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே சொன்னால், ஏறும் இடத்தை மாற்றிக் கொடுக்கிறார்கள். படுக்கை உங்களுடையதாகவே இருக்கிறது. அதற்காக நீங்கள் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்து மரப்பெட்டிக்குள்ளே இருந்த விவேகம், கோடிக்கணக்கில் செலவழித்த கம்ப்யூட்டருக்குள்ளே வரவில்லை!

ஆகையால் நான்காவது வாதத்துக்கு என் பதில் இதுதான். வித்தியாசத்தைக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பெங்களூரில் ஏறுகிறவருக்கு உரிய விலைக்கும் அவர் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் என்னவோ, அதை டிக்கெட் விற்கிற அன்றே அதன் மேல் எழுதிவிடுங்கள். "முதல் விமானத்தில் ஏறாவிட்டால் இன்ன தொகை கட்டி மீதிப் பயணத்தைத் தொடரலாம்" என்று ஒரே ஒரு வரி. வாங்குகிறவருக்குத் தெரிந்த பாஷையில், படிக்கக்கூடிய எழுத்தில். அப்படிச் செய்தால் சென்னை மாணவனின் சலுகை விலையும் பிழைக்கும், என் அக்காவின் பயணமும் பிழைக்கும். கம்பெனிக்கும் காலணா நஷ்டமில்லை. அன்றைக்குக் கவுண்டரில் நான் நீட்டிய ரூ.19,000-த்தை வாங்கிக்கொள்ள அவர்களுக்கு வழியில்லாமல் போனது எதனால்? நஷ்டத்தை ஈடு செய்வது அவர்கள் நோக்கம் அல்ல. அந்த நெருக்கடியான நேரத்தில், வேறு போக்கில்லாத ஒருத்தியிடம் ரூ.92,000 வாங்க முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஈடு வேறு, பறி வேறு. நெடுஞ்சாலையில் வழிமறித்துச் செய்ததால் பழைய காலத்தில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. கவுண்டரில் உட்கார்ந்து செய்வதால் அதற்கு ரூல் என்று பெயர்.

நம் நாட்டில் இதற்குப் பரிகாரமே இல்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது. 2016 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து, உபயோகிக்காத டிக்கெட்டாக இருந்தாலும் அதில் வசூலித்த அரசாங்க வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் கம்பெனி திருப்பித் தந்தாக வேண்டும். கேட்டால் கிடைக்கும். நாங்கள் மூன்று கடிதம் எழுதினோம், கிடைத்தது. அது முழுக் கிணற்றில் ஒரு குடம். அதைவிடப் பெரிய ஆயுதம் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதை அந்தச் சட்டம் முதல் தடவையாகப் பெயரிட்டுச் சொல்லுகிறது. ஒரு பக்கத்தாருக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்குப் பொருத்தமில்லாத தண்டனையை மற்றவர் மேல் சுமத்துகிற ஷரத்தும் அதில் அடங்கும். மாநில நுகர்வோர் ஆணையமும் தேசிய ஆணையமும் அதை விசாரித்துச் செல்லாது என்று சொல்லலாம். ஆயுதம் உறையில் இருக்கிறது. எடுக்கக் கைதான் வேண்டும்.

அந்தக் கை எங்கிருந்து வரும்? என் மூன்று நண்பர்களிடமிருந்து வராது என்பது நிச்சயம். "படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?" என்று கேட்டார்களே, அவர்களை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து, காபி கொடுத்து, "நீங்கள் போன தடவை வாங்கிய விமான டிக்கெட்டின் நிபந்தனைகளைப் படித்தீர்களா?" என்று கேட்டேன். தாசில்தார் கண்ணாடியைத் துடைத்தார். கல்லூரி ஆசிரியர் காபி நன்றாயிருக்கிறது என்றார். பாங்க் அதிகாரி மட்டும் உண்மையைச் சொன்னார். "அதையெல்லாம் யார் சார் படிக்கிறது? 'ஒப்புக்கொள்கிறேன்' என்கிற கட்டத்தில் ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போகவேண்டியதுதான்."

நான் சொல்லுவதும் அதுதானே? யாரும் படிக்கமாட்டார்கள் என்று எழுதுகிறவனுக்கும் தெரியும். படிக்கவில்லை என்று அழுத்துகிறவனுக்கும் தெரியும். இருவருமாகச் சேர்ந்து நடத்துகிற இந்த நாடகத்துக்கு ஒப்பந்தம் என்று பெயர் வைத்து, அதில் மாட்டிக்கொண்ட கிழவியைப் பார்த்து, "உன் தப்பு" என்கிறோம். அடுத்த தடவை மாட்டிக்கொள்ளப் போவது அவருடைய மாமியாராக இருந்தால் பாங்க் அதிகாரி வேறு விதமாகப் பேசுவார். மாமியார் வேண்டாம், அவர் சந்தோஷப்பட்டாலும் படுவார். தாயார் என்று வைத்துக்கொள்வோம்.

ஆறு மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தாள். இந்தத் தடவை பெங்களூரோடு முடிகிற டிக்கெட். கூடுதல் விலை கொடுத்து வாங்கியது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வந்து, கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து சேலம் பஸ். நானும் கூட இருந்தேன். "தர்மபுரி டிக்கெட் எடுக்கணும்" என்றார் கண்டக்டர். இரண்டு எடுத்தேன். பதினோரு மணிக்குக் காரிமங்கலம் பைபாஸில் விசில் ஊதினார். பெட்டி கனமாக இருந்தது. அவரே ஒரு பக்கம் பிடித்து இறக்கினார்.

"லண்டன்லேருந்து வர்றேன் தம்பி" என்றாள் அக்கா, தேவையில்லாமல்.

"அப்படியா அம்மா? பேரன் பேத்தி எல்லாம் சௌக்கியமா?" என்றார் அவர்.

தர்மபுரி வரைக்கும் கட்டிய காசு மிச்சம் இருக்கிறதே என்று நாங்களும் கேட்கவில்லை. இங்கே ஏன் இறங்குகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை.